இருபத்து நான்கு வாரம்

ஆரி ஸோனவெல்ட் எங்கள் கட்சியில் முப்பது வருடம் உறுப்பினராக இருந்தவர். நெதர்லாந்தின் வெஸ்ட்லாந்துப் பகுதியில் கண்ணாடிக் கூடங்களில் குடைமிளகாய் வளர்ப்பவர். தேர்தல் வந்தால் சனிக்கிழமைச் சந்தையில் என்னோடு நின்று துண்டறிக்கை கொடுப்பார். "மனுஷன் உழைச்சுத் தன் காலுல நிக்கணும், அரசாங்கம் குறுக்க வரக்கூடாது." அவருடைய அரசியல் அவ்வளவுதான். என்னுடையதும் அதுதான். அதை நம்பித்தான் நாடாளுமன்றத்துக்குப் போனேன்.

ஒரு ஆகஸ்ட் மாதம் அவர் தொலைபேசியில் கத்தினார். "வில்லமைன், உடனே கிளம்பி வாம்மா. உன் அரசாங்கம் என் ஆளைப் பிடுங்கிட்டுப் போகுது."

அந்த ஆள் ஹப்தோம். எரித்திரியாவிலிருந்து தஞ்சம் கேட்டு வந்து, முகாமில் தங்கி, முடிவுக்காகக் காத்திருந்தவன். அப்படிக் காத்திருப்பவர்கள் வருடத்துக்கு இருபத்து நான்கு வாரம் மட்டுமே வேலை செய்யலாம் என்பது அப்போதைய விதி. மார்ச்சில் சேர்ந்தவனுக்கு அன்றோடு வாரங்கள் தீர்ந்துவிட்டன. நான் போய்ச் சேர்ந்தபோது செடிகளில் காய் குலுங்கிக்கொண்டிருந்தது. அவன் கத்தரியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"ஆறு மாசத்துல டச்சு பேசக் கத்துக்கிட்டான். கெட்ட வார்த்தைகூட நல்லாவே வருது" என்றார் ஆரி. "இப்பப் போய் முகாம்ல சுவத்தைப் பாத்துட்டு உக்காரணுமாம். எந்தப் புத்திசாலி எழுதின சட்டம்?"

"நான் எழுதல, ஆரி."

"அப்ப நீ மாத்தி எழுது."

எழுதினேன். நான்கு வரித் திருத்தம். காத்திருப்பவர்கள் வருடம் முழுதும் வேலை செய்யலாம். கட்சியில் எல்லாரும் தட்டிக்கொடுத்தார்கள். சுதந்திரம், உழைப்பு, சொந்தக் கால் எல்லாம் அதில் இருந்ததே! வாக்கெடுப்பு நாளைச் சொல்லி, ஆரியையும் ஹப்தோமையும் தி ஹேக்கில் இருக்கும் நாடாளுமன்றத்துக்கு அழைத்தும்விட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எங்கள் நாடாளுமன்றக் குழுத் தலைவர் ரோடெரிக் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். காபி கொடுத்தார். நல்ல செய்திக்கு அவர் காபி கொடுப்பதில்லை.

"அந்தத் திருத்தத்தை வாபஸ் வாங்கிடுங்க, வில்லமைன்."

"ஏன்? போன மாசம் நீங்கதானே பிரமாதம்னீங்க?"

"இப்பவும் பிரமாதம்தான். ஆனா கூட்டணியில ஒருத்தர் முறுக்கிக்கிறாரு. அதைவிட, வேலையும் கிடைக்குதுன்னா இன்னும் கூட்டம் வரும்னு நமக்கு வலதுபக்கம் இருக்கிற கட்சிக்காரங்க கத்துவாங்க. நம்ம ஓட்டு அங்க போயிடும்."

"இது நம்ம கொள்கை, ரோடெரிக். வேற யாரோடதும் இல்ல."

"எதிர்க்கட்சியில இருந்தா கொள்கையோட மட்டும் குடித்தனம் நடத்தலாம். நாம ஆட்சி நடத்துற கட்சி. அரசாங்கத்தை ஓட்டணும். அடுத்த வருஷம் பாப்போம்."

அடுத்த வருடம் என்று அவர் சொன்னதை நம்பினேன். நம்ப விரும்பினேன் என்பதே சரி. அடுத்த தேர்தலுக்கான வேட்பாளர் பட்டியலில் என் இடத்தை முடிவு செய்பவர்களில் அவரும் ஒருவர். வாபஸ் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அதோடு முடியவில்லை. எதிர்க்கட்சியின் சிறிய இடதுசாரிக் குழுவிலிருந்து தியெட்ஸ்கே என்ற பெண் அந்த நான்கு வரிகளை அப்படியே தன் பெயரில் கொடுத்துவிட்டாள். நடைவழியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு கமாகூட மாத்தல. உன் எழுத்துப் பிழையையும் பத்திரமா வெச்சிருக்கேன்" என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நீ கை தூக்கினா இன்னும் ரெண்டு பேர் உன் கட்சியிலயே தூக்குவாங்க. அது போதும், ஜெயிச்சிடும். யோசி."

எங்கள் அவையில் எதிர்ப்பவர்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். அவைத்தலைவர் கேட்கும்போது ஆதரிப்பவர்கள் கை தூக்குவார்கள். மற்றவர்கள் சும்மா இருந்தால் போதும். பார்வையாளர் மாடத்தில் ஆரி கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஹப்தோம், தேய்த்த வெள்ளைச் சட்டையில். என்னைப் பார்த்துக் கையசைத்தான்.

"ஆதரிப்பவர்கள்?"

மற்ற வரிசைகளில் கைகள் உயர்ந்தன. எங்கள் வரிசையில் இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் மேசை மேலிருந்த காகிதத்தைப் பார்த்தேன். மூன்று விநாடி இருக்குமா? சுத்தியல் விழுந்தது. திருத்தம் தோற்றது. அடுத்த விஷயம் மீன்பிடி வலைகள் பற்றியது.

படிக்கட்டின் கீழே அவர்கள் நின்றிருந்தார்கள். ஹப்தோம்தான் முதலில் கேட்டான். குற்றம் சாட்டவில்லை, நிஜமாகவே கேட்டான்.

"மேடம், அவைத்தலைவர் கேட்டது உங்க காதுல விழலையா?"

"விழுந்ததுப்பா" என்றேன்.

ஆரி அவன் தோளில் கை வைத்தார். "வா போகலாம், ரயிலுக்கு நேரமாச்சு." பிறகு என்னிடம், "மழை வெயில்னு பாக்காம உனக்காகச் சந்தையில நின்னேன், வில்லமைன்" என்றார். அந்த வாரமே கட்சி அட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அடுத்த வருடம் வரவில்லை, அதற்கடுத்ததும் வரவில்லை. ஹப்தோமைத் தொலைவிலிருந்த வேறு முகாமுக்கு மாற்றினார்கள்; புது வருடத்து வாரங்கள் வந்தும் வேலை கிடைக்காமல் அங்கே பதினான்கு மாதம் உட்கார்ந்திருந்தான். நாட்டில் தங்க அனுமதி கிடைத்தபோது, கற்ற டச்சில் பாதி போயிருந்தது. ஸுட்ஃபென் நகரில் வீடு கொடுத்தார்கள். ஆரியின் தோட்டத்துக்கு அங்கிருந்து போய்வர முடியாது. நெடுநாள் அரசு உதவித்தொகையில் இருந்தான். அப்போது ஒரு இலையுதிர் காலத்தில் எங்கள் மாநாட்டில் ரோடெரிக் மேடையேறி, "அனுமதி வாங்கியவர்களில் இத்தனை பேர் வேலைக்குப் போகாமல் உதவித்தொகையில் உட்கார்ந்திருக்கிறார்கள்!" என்று முழங்கினார். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உறைத்தது.

அடுத்த தேர்தலில் நான் நிற்கவில்லை. அந்த விதியைக் கடைசியில் தூக்கியெறிந்தது நீதிமன்றம், நாங்கள் அல்ல. செய்தியைக் கேட்டதும் ஆரியைக் கூப்பிட்டேன். "தெரியும்" என்றார். "எங்க பக்கத்துத் தோட்டத்துல இப்ப முகாம்ல காத்திருக்கிறவங்க நாலு பேர் வேலை பாக்குறாங்க. உடம்பப் பாத்துக்கோ." வைத்துவிட்டார்.

அந்த வாக்கெடுப்புக்கு ஆறு வருடம் கழித்துத்தான் ஸுட்ஃபெனுக்குப் போகத் துணிந்தேன். ஹப்தோம் இப்போது சைக்கிள் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறான். நாற்காலி இழுத்துப் போட்டான், காபி கொடுத்தான். மன்னிப்புக் கேட்கலாம் என்று நான் வாயெடுக்கும் முன், அவன் உற்சாகமாகச் சொன்னான்:

"மேடம், இந்தத் தடவை நகராட்சித் தேர்தல்ல எனக்கும் ஓட்டு வந்துச்சு. முதல் ஓட்டு. உங்க கட்சிக்குத்தான் போட்டேன்."

"எங்க கட்சிக்கா? ஏன்?"

"ஆரி தினமும் சொல்வாரே, மனுஷன் உழைச்சுத் தன் காலுல நிக்கணும்னு. அது எனக்குப் பிடிச்சிருந்தது. உங்க துண்டறிக்கையிலயும் அதேதான் போட்டிருந்துச்சு."

என் உறுப்பினர் அட்டையை நான் புதுப்பிக்காமல் விட்டு இரண்டு வருடமாகிவிட்டது. அதை அவனிடம் சொல்ல முடியவில்லை. "நல்லது ஹப்தோம்" என்றேன். வெளியே யாரோ காற்றுப்போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவன் எழுந்து போனான். நான் அவன் திரும்பி வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.