பத்தாவது பாட்டுக்குப் பிறகு

கத்தல் மட்டும் வேண்டாம் என்று அம்மா வில்மா காலையிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், டார்லீன் செத்துப்போன தம்பியின் பிக்கப் வண்டியில் உட்கார்ந்து அவனுடைய சிடியில் கத்தல் இல்லாத பாட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். இரண்டு மணிக்கு இறுதிச் சடங்கு. பேக்கர்ஸ்ஃபீல்டின் ஜூலை வெயிலில் ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை.

மொத்தம் பத்துப் பாட்டு. ஒன்பதில் தம்பி ட்ராய் அடித்தொண்டையில் உறுமினான். சுருதியைப் பாதாளத்துக்கு இறக்கிய கிட்டாரும் கூடவே உறுமியது. அவன் பேண்டு வைத்துச் சிடி போட்ட அந்த வருஷம் ஊரில் எந்தக் கார் ஷெட்டைத் திறந்தாலும் நாலு பையன்கள் இப்படித்தான் உறுமிக்கொண்டிருந்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகை, பேண்டா ஜெராக்ஸ் கடையா என்று எழுதியது. பத்திரிகை கிடக்கட்டும். ஒத்திகையிலேயே, “எல்லாம் அடுத்தவன் பாட்டுடா” என்று முதலில் சொன்ன மகராசி டார்லீன்தான். ட்ராய் சிரித்தான். ஆனால் அதற்குப் பிறகு அவளிடம் பாட்டைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரே சிடியோடு பேண்டு கலைந்தது. எண்ணெய்க் கிணற்றில் பம்பு பழுதுபார்க்கப் போனான். பல வருஷம் கழித்து, இந்தத் திங்கட்கிழமை, அங்கேயே மாரடைப்பு. நாற்பத்து நாலு வயசு. இன்றைக்கு ஒருநாளாவது இந்தச் சிடியைக் கேட்டு ஒருத்தரும் சிரிக்கக் கூடாது, அவளுக்கு அவ்வளவுதான் வேண்டும்.

பத்தாவது பாட்டு வெறும் முணுமுணுப்பு. சடங்குக் கூடத்து ஆளிடம் அதைக் கடைசியில் போடச் சொன்னாள்.

போட்டார். யாரும் சிரிக்கவில்லை. பாட்டு முடிந்ததும் அந்த ஆள் சவ வண்டியைப் பார்க்க வெளியே போனார். பாதிரியார் இந்த நிசப்தத்தை மௌன அஞ்சலி என்று எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்தார். அவரைப் பார்த்து எல்லோரும் குனிந்தார்கள். அவர் நிமிரட்டும் என்று இவர்கள், இவர்கள் நிமிரட்டும் என்று அவர். நிமிஷங்கள் போய்க்கொண்டே இருந்தன.

பேண்டில் டிரம் வாசித்த எஃப்ரேன் பின்வரிசையிலிருந்து கூனிக்கொண்டு வந்தான்.

“அக்கா, சிடி ஓடிட்டே இருக்கு. அணைச்சிடுங்க.”

“பாட்டுதான் முடிஞ்சிருச்சே?”

“ஒம்பது நிமிஷம் சத்தமில்லாம ஓடும். அப்புறம் ஒண்ணு வரும். அப்பல்லாம் பெரிய பேண்டுங்க அப்படித்தான் ஒளிச்சு வைப்பாங்க. நாங்களும் வெச்சோம்.”

கடவுளே, அதிலுமா காப்பி. என்ன வரும் என்று கேட்டாள். ட்ராய் தனியாகப் பேசிப் பதிவு செய்தது, நல்ல போதை, என்ன உளறி வைத்தானோ தெரியாது என்றான் எஃப்ரேன். டார்லீன் எழுந்து ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சிடி பெட்டியின் பொத்தானில் விரலை வைத்தாள்.

“ஓடுதா? சரி,” என்றது பெட்டி. “இவ்வளவு நேரமா உக்காந்திருக்கீங்க? வேற வேலையே இல்லையா உங்களுக்கு?”

அவளால் அழுத்த முடியவில்லை.

“எல்லாம் எங்கயோ கேட்ட பாட்டு மாதிரி இருக்குன்னு எங்க அக்கா சொல்றா. இருக்கும். அந்தப் பாட்டுங்க மேல எங்களுக்கு அவ்வளவு ஆசை. அதான், வேற ஒண்ணுமில்ல. சரி, பசிக்குது. வரேன்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது கூடம் முழுக்கப் பரவியது. டார்லீனும் சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் அதன் பாட்டுக்குக் கொட்டியது.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அந்த உறுமலில் அவளுக்கு ஒருநாளும் மகன் குரல் பிடிபட்டதில்லை.

“அது நம்ம ட்ராயா?”

“ஆமாம்மா.”

“இன்னொரு தடவ போடு.”

“திரும்ப ஒம்பது நிமிஷம் காத்திருக்கணும்மா. இந்தப் பெட்டியில முன்னாடி ஓட்டிப் பிடிக்க எனக்குத் தெரியல.”

“இருக்கட்டும். எனக்கென்ன அவசரம்.”

டார்லீன் பத்தாவது பாட்டை மறுபடி போட்டாள். எழுந்து நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். சவ வண்டி டிரைவர் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். பிறகு போய் இன்ஜினை அணைத்தார்.