ஏழு மரத்து வீடு

“இதுல பெயிண்டை எப்ப சுரண்டினீங்க?”

பாரம்பரியக் கட்டடக் குழு அனுப்பிய ஆய்வாளர் பெண் வாசல் நிலையின் அடியில் மண்டியிட்டிருந்தாள். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணில் லென்ஸைப் பொருத்தி, சன்னமான கத்தி ஒன்றைக் கையில் பிடித்திருந்தாள். கேள்வியை நிலையிடம் கேட்டது போல இருந்தது.

“போன வாரம்தான் முடிஞ்சது,” என்றாள் டீச்சர். “பதினோரு நாள் வேலை. நீங்க வர்றீங்கன்னுதான்.”

குரலில் பெருமை இருந்தது. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்ததும் அது பாதியில் நின்றது.

“எல்லா நிலையுமா?”

“முன்பகுதி முழுக்க. கதவு, ஜன்னல், மாடிப்படிக் கைப்பிடி, எல்லாம்.”

“சுவரோரம்?”

“அதை அப்படியே விட்டா அசிங்கமா இருக்குமே. ஒரு சாண் அகலத்துக்கு அதையும் சுரண்டிப் புதுசா பூசியாச்சு.”

ஆய்வாளர் கத்தியை மூடிப் பையில் போட்டாள். வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த டீச்சரின் அண்ணன் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினார். திருப்பிய பக்கம் முழுக்க ஒரே விளம்பரம். அதை அவர் நிதானமாகப் படித்தார்.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தது இரண்டே வருஷம். அதற்குப் பிறகு முப்பது வருஷமாக முன்கூடத்தில் பிள்ளைகளை உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். தெருவில் யாருக்கும் அவள் பெயர் தெரியாது. கூடப் பிறந்த அண்ணனே டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். அவர் கூப்பிடும்போது மட்டும் அதில் ஒரு சிட்டிகை கேலி சேர்ந்திருக்கும். தெரு வசதியானவர்களின் தெருவாகி வெகுநாளாகிவிட்டது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் மதில்கள், மதிலுக்கு மேல் கேமராக்கள், காலையில் கார் கழுவும் டிரைவர்கள். அந்த வீட்டுக்காரர்களின் முகத்தைவிட அவர்களுடைய நாய்களின் முகம்தான் அவளுக்குப் பழக்கம். அந்த வரிசையில் தெருவிலிருந்து பார்த்தால் முழுசாகத் தெரிகிற வீடு இது ஒன்றுதான். மூன்று வளைவு வைத்த வராந்தா, வாசலுக்கு மேலே அரைவட்டக் கண்ணாடி, கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை, கூடத்தின் ஓரத்தில் வளைந்து ஏறும் படிக்கட்டு.

கட்டியவர் ஒரு மர வியாபாரி. வாங்க வருகிறவர்களைக் கிடங்குக்கு அழைத்துப்போய்த் தூசியில் நிறுத்த அவருக்குப் பிடிக்கவில்லை. வீட்டையே மாதிரிப் பலகையாக்கிவிட்டார். முன்பகுதியில் ஏழு கதவு, ஏழும் ஏழு மரம். வந்தவர் காபியைக் குடித்துக்கொண்டே எந்தக் கதவைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டுகிறாரோ, அந்த மரத்துக்கு அன்று வியாபாரம் முடியும். அவருக்குப் பின்னால் குடிவந்தவர்களுக்கு ஏழு நிறமும் கண்ணை உறுத்தியிருக்க வேண்டும். எல்லாவற்றின் மேலும் ஒரே வெள்ளையாக அடித்தார்கள். பிறகு பச்சை, பிறகு சாம்பல், பிறகு மறுபடி வெள்ளை. டீச்சரின் தாத்தா வீட்டை வாங்கியபோது கதவுகள் எல்லாம் வழுவழுவென்று ஒரே அச்சில் இருந்தன. ஏழு மரம் என்பது வீட்டில் சொல்லப்பட்ட பேச்சு மட்டும்தான். யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

அதைத்தான் ஆய்வாளர் பார்க்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். போட்டோ எடுக்கும் முன் பிள்ளைக்கு முகம் துடைத்துவிடுகிற மாதிரி வீட்டைத் துடைத்துவிட்டாள். பெயிண்டர் சூடு காட்டி, மருந்து தடவி, தகடு வைத்துச் சுரண்டினான். முதலில் தேக்கு வந்தது. நாலாம் நாள் மாடியறைக் கதவிலிருந்து கருஞ்சிவப்பாக ஈட்டி மரம் வந்தது. அன்று அவள் பிள்ளைகளைச் சீக்கிரமே அனுப்பிவிட்டு அந்தக் கதவின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

ஆய்வாளர் அவளை வீட்டின் பின்பகுதிக்கு அழைத்துப் போனாள். சமையலறையை ஒட்டிய நடையில் யாரும் எதையும் சுரண்டியிருக்கவில்லை. விருந்தாளி பார்க்காத இடம். நிலையும் சுவரும் சேரும் மூலையில் கத்தியால் சாய்வாக ஒரு கீறல் போட்டு, லென்ஸை டீச்சரிடம் நீட்டினாள்.

டீச்சர் பார்த்தாள். மெல்லிய கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. மூடிய நோட்டுப் புத்தகத்தை ஓரத்திலிருந்து பார்ப்பது போல.

“எண்ணுங்க மேடம்.”

“பதினொண்ணு.”

“மேல இருக்கிற நாலும் உங்கப்பா இடிச்சுக் கட்ட அனுமதி வாங்கின வருஷத்துக்கு அப்புறம். கீழ ஏழும் அதுக்கு முன்னாடி. இந்தப் பக்கம் பழசுன்னு யாரும் மறுக்கல. முன்பக்கம்தான் கேள்வி. அதை இடிச்சுக் கட்டினதா உங்கண்ணன் கொடுத்த காகிதம் சொல்லுது. இடிக்காம இருந்திருந்தா அங்கயும் இதே பதினொண்ணு இருக்கும். இடிச்சிருந்தா நாலு.”

“கதவைப் பாத்தாலே பழசுன்னு தெரியலயா?”

“பழைய கதவைக் கழட்டி வச்சிருந்து புதுச் சுவர்ல மாட்டுறது எல்லாரும் செய்றதுதான். அதனால கதவு மட்டும் போதாது. மரத்துலேர்ந்து சுவருக்குப் பூச்சு அறுபடாம ஓடியிருக்கணும். அந்த மூலைதான் வேணும்.”

டீச்சர் லென்ஸைத் திருப்பிக் கொடுத்தாள். முன்பகுதிச் சுவர்களை எட்டு வருஷத்துக்கு முன்பே ஈரம் அரித்துவிட்டது. மேல்வரைக்கும் தட்டியெடுத்துவிட்டுப் புதிதாகப் பூசியிருந்தார்கள். மூலைகள் மட்டும்தான் மிஞ்சியிருந்தன. மிஞ்சியதை அவளே ஆள் வைத்துச் சுரண்டிக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டிருந்தாள்.

“சுவரை உடைச்சு செங்கல்லைப் பாக்கலாமே?”

“அதுக்குத் தனி மனு. மாசக்கணக்கு ஆகும். குழு நாளைக்குக் காலைல கூடுது, நாலு மணிக்குள்ள என் அறிக்கை போயாகணும். முன்பக்கம் பழசுன்னு நிரூபணம் இல்லேன்னா வீடு பாரம்பரியப் பட்டியல்ல ஏறாது.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். “ஏறலேன்னா, இடிக்க மனு போட்டவங்களை நாங்க தடுக்க முடியாது.”

இடிக்க மனு போட்டவர் வராந்தாவில் இருந்தார். ஆய்வாளர் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு மாடிக்குப் போனதும் டீச்சர் அவர் எதிரில் போய் நின்றாள்.

“அண்ணா. அப்பா இடிச்சாரா?”

“காகிதத்துல இருக்கே.”

“நான் காகிதத்தைக் கேக்கல.”

“குழு அதைத்தான் கேக்கும், டீச்சர்.”

“கூரை மாத்துறேன்னு எழுதினா ஆயிரம் கேள்வி கேக்கறாங்க, இடிச்சுக் கட்டறேன்னு எழுதினா ஒரே முத்திரைன்னு அப்பா சாப்பிடும்போது சொல்லலயா? ஓடெல்லாம் நீதானே மேல நின்னு எடுத்துக் கொடுத்த. கீழ வாங்கி அடுக்கினது நான். சுவர்மேல ஒரு கடப்பாரை பட்டுதா? சொல்லு.”

அவர் செய்தித்தாளை நாலாக மடித்தார். பிறகு எட்டாக. “உனக்கு அப்ப ஒம்பது வயசு.”

“உனக்குப் பதினஞ்சு.”

“எனக்கு ஞாபகம் இல்ல. அந்தப் பொண்ணு கேட்டப்பவும் அதைத்தான் சொன்னேன்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “இங்க பாரு. உனக்கு இது வீடு. எனக்கு இது போன். மழை பெஞ்சா உன் போன் வரும். கரையான் வந்தா வரும். மேல ஓடு சரிஞ்சா, நான் ஆஸ்பத்திரியில படுத்திருந்தாலும் வரும். எனக்கு அறுபத்தஞ்சு வயசு, இன்னும் உன் கூரைமேலதான் நிக்கறேன். புதுசா கட்டினா உனக்குக் கீழ்த்தளத்துலயே ஒரு வீடு. அதுல உக்காந்து பாடம் சொல்லிக்கொடு. யார் வேணாம்னா?”

போனைப் பற்றி அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் சங்கடம். போன முறை ஓடு சரிந்தபோது அவர் நிஜமாகவே ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். அதைத் தெரிந்துகொண்டுதான் அவள் கூப்பிட்டாள். வேறு யாரைக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டு மணிக்கு ஆய்வாளர் மாடியிலிருந்து இறங்கினாள். முழங்காலில் வெள்ளைத் தூசி. கீல்களைக் கழற்றிப் பார்த்திருந்தாள். கீலுக்கு அடியில் வெறும் மரம். ஏணி போட்டு நிலையின் மேல்விளிம்பைப் பார்த்திருந்தாள், சுத்தம். மின்சாரப் பலகையின் பின்னால், ஜன்னல் சட்டத்தின் இடுக்கில், எங்கும் ஒரு பொடிகூட இல்லை.

“நல்ல வேலைக்காரர்,” என்றாள் சலிப்புடன். “இவ்வளவு சுத்தமா யாரும் செய்ய மாட்டாங்க.”

டீச்சர் போனை எடுத்தாள். சத்தம் வெளியே கேட்கும்படி வைத்து மேஜைமேல் போட்டாள்.

“சொல்லுங்க டீச்சர்,” என்றான் பெயிண்டர். “பாக்க வந்தவங்க அசந்துட்டாங்களா?”

“தம்பி, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. எங்கயாவது சுரண்டாம விட்டிருக்கியா?”

“யாரு அப்படிச் சொன்னது?”

“யாரும் சொல்லல. ஒரு மூலை, ஒரு இடுக்கு. விட்டிருந்தா நல்லது.”

“விட்டிருந்தா நல்லதா? டீச்சர், இருபத்தஞ்சு வருஷமா இதே வேலை. தகடு போகாத இடத்துல பல்லுக்குச்சி விட்டுச் சுரண்டிருக்கேன். நீங்களே கண்ணாடி போட்டுத் தடவித் தடவிப் பாத்தீங்கல்ல?”

“பாத்தேன்பா. விட்டிருந்தா சந்தோஷப்படுவேன்னு சொல்றேன்.”

“எவனோ வந்து குறை சொல்லிட்டுப் போயிருக்கான். புது ஆளு கிடைச்சுட்டானா? அவன்கிட்ட போனைக் குடுங்க, நான் பேசிக்கறேன்.”

கூடத்துக்கு வந்து நின்றிருந்த அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். ஆய்வாளர் போனை நோக்கிக் குனிந்தாள். “அண்ணே, ஆய்வு பண்ண வந்தவ பேசறேன். உங்க வேலையில குறையே இல்ல. அதுதான் பிரச்சினை. விட்ட இடம் ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் சொல்லுங்க, இந்த வீட்டுக்கு உதவி.”

போனில் எங்கோ ஒரு வாளியை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

“ஒண்ணு இருக்கு,” என்றான் பெயிண்டர், குரலே மாறிப்போய். “திட்டாதீங்க டீச்சர். மாடிப்படிக்கு அடியில ஒரு குட்டிக் கதவு இருக்குல்ல. வெளிப்பக்கம் சுரண்டிட்டேன். உள்பக்க நிலையில கை வைக்கல. பூட்டிக் கிடந்துச்சு. அப்பா போனப்ப அவர் சாமானை வச்சு அண்ணன் பூட்டினது, சாவி அவர்கிட்டதான்னு நீங்கதான் சொன்னீங்க. வெளிய தெரியாதுன்னு விட்டுட்டேன். நாளைக்கே வந்து முடிச்சுத் தர்றேன்.”

“வேணாம் தம்பி,” என்றாள் டீச்சர். “வராத.”

போனை அணைத்ததும் மூன்று பேரும் படிக்கட்டைப் பார்த்தார்கள். மார்பு உயரக் கதவு, வெறும் பலகை. மர வியாபாரி தன் ஏழில் சேர்த்துக்கொள்ளாத கதவு. அதன் நிலையும் பழைய சுவரும் சேருகிற மூலை உள்ளே இருட்டில், பன்னிரண்டு வருஷமாக யார் கையும் படாமல் இருந்தது. ஈரம் பிடித்த சுவரைத் தட்டியபோதும் அந்தக் கதவு திறக்கப்படவில்லை.

ஆய்வாளர் மணிக்கட்டைப் பார்த்தாள். “சார், திறக்க முடியுமா?”

“அதுல ஒண்ணும் இல்ல. பழைய சாமான்.”

“சாமான் எனக்கு வேண்டாம். நிலையை மட்டும் பாக்கறேன். பூட்டை உடைக்க எனக்கு அதிகாரம் கிடையாது. நீங்க திறந்துவிட்டா பாப்பேன். இல்லேன்னா, பாக்க முடியலன்னு எழுதிட்டுப் போவேன்.”

அண்ணன் தங்கையைப் பார்க்கவில்லை. கால்சட்டைப் பையில் கைவிட்டுச் சாவி வளையத்தை எடுத்தார். “இதுல இருக்கான்னே தெரியல,” என்றார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டு, கட்டைவிரலால் ஒவ்வொரு சாவியாகத் தள்ள ஆரம்பித்தார். அவருடைய வீட்டுச் சாவி. ஸ்கூட்டர் சாவி. அலமாரிச் சாவி. ஆய்வாளர் கதவுக்கு முன்னால் போய் மண்டியிட்டு, டார்ச்சை எரியவிட்டு, கத்தியை விரித்துக்கொண்டு காத்திருந்தாள்.

டீச்சருக்கு அந்தச் சாவி தெரியும். தலை வட்டமான, சுண்டுவிரல் நீளப் பித்தளைச் சாவி. அது அவர் கட்டைவிரலுக்கு அடியில் வந்தது. நின்றது. பிறகு அடுத்த சாவி வந்தது.

இதுதான் என்று சொல்லியிருக்கலாம். கணக்கின் பாதியில் நின்று யோசிக்கிற பிள்ளைக்கு விடையை எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று முப்பது வருஷம் இருந்த பழக்கமோ என்னவோ, அவளுக்கு நாக்கு எழவில்லை. படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். புதிதாக வெளியே வந்த மரம் உள்ளங்கையில் சொரசொரப்பாக இருந்தது.

வளையத்தின் கடைசிச் சாவியும் நகர்ந்தது. அண்ணன் வளையத்தைப் பையில் போடவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. டார்ச் வெளிச்சம் பூட்டின் மேல் வட்டமாக விழுந்து கிடந்தது. அவருடைய கட்டைவிரல் மறுபடி முதல் சாவியிலிருந்து தொடங்கியது.