வெண்கல முயலுக்கு அடியில்

போனை எடுத்ததுமே "ரேட் என்ன?" என்று கேட்கிறவனுக்கு எங்களிடம் இடம் கிடையாது. அவன் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் ப்ரோனா போனை வைத்துவிடுவாள். ப்ரோனா என் கூட்டாளி, அயர்லாந்துக்காரி. வட இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் ஊரில், ஆற்றிலிருந்து மேலேறும் தெருவில், மூடிப்போன தையற்கடை ஒன்றின் மாடியை வாடகைக்கு எடுத்து இருவரும் எஜமானித் தொழில் செய்கிறோம். ஆண்கள் வருவார்கள், மண்டியிடுவார்கள், எங்கள் பூட்ஸைத் துடைப்பார்கள், திட்டு வாங்குவார்கள். வேண்டும் என்றால் பிரம்படியும் கிடைக்கும். வாங்கிக்கொண்டு தெம்பாக வீட்டுக்குப் போவார்கள். அதற்குமேல் இங்கே எதுவும் இல்லை, எதிர்பார்க்கிறவன் படியிலேயே திரும்பிப் போகலாம்.

அவர்கள் தருவதற்குப் பெயர் காணிக்கை. இந்த விஷயத்தில் ப்ரோனா படு கறார். கட்டணம் என்று யாராவது சொன்னால் அவள் முகம் கோணிவிடும்.

"கட்டணம்னா கார் நிறுத்துற இடத்துல குடுக்கிறதுடி மொரீன். போர்டுல எழுதிப் போட்டிருப்பான், அதைக் குடுத்துட்டு நம்ம பாட்டுக்குப் போயிரலாம். காணிக்கை அப்படி இல்ல. என்ன வேணும்னு எஜமானி சொல்லணும், அவன் கொண்டாந்து வைக்கணும்."

"வீட்டுக்காரர்கிட்ட இந்த மாசம் வாடகைக்குப் பதிலா காணிக்கை வெச்சுப் பாரேன்," என்பேன் நான்.

எனக்கு அந்த வார்த்தையே சிரிப்பு. வரிக் கணக்கில் நான் கட்டணம் என்றுதான் எழுதுகிறேன். செய்கிற வேலைக்கு வாங்குகிற காசு, அதற்கு எதற்குப் பட்டுத்துணி போர்த்த வேண்டும்? இன்னொரு ரகத்தையும் எனக்குப் பிடிக்காது. நிஜமான எஜமானி காசு வாங்கமாட்டாள், அவளுக்கு அது ரத்தத்திலேயே இருக்கும் என்று இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதுகிற மகராசன்கள். நிஜமான பல் டாக்டர் சும்மா பல் பிடுங்குவாரா என்று போய்க் கேட்டுப் பார்க்கட்டும்.

ஆனால் பழக்கம் பழக்கம்தான். வாசலை ஒட்டிய சின்ன மேசையில் ஒரு வெண்கல முயல் உட்கார்ந்திருக்கும். வருகிறவர் காணிக்கை உறையை அதன் அடியில் வைத்துவிட்டு உள்ளே வரவேண்டும். அவர் போனபிறகுதான் பிரித்துப் பார்ப்போம். பணத்தைப் பற்றி அவர் வாயே திறக்கக்கூடாது, பேசவேண்டியது இருந்தால் நான்தான் பேசுவேன். எல்லாம் முடிந்ததும் சமையலறையில் தேநீர். வேலை நடக்கும் இருட்டறையில் நான் அவரை 'நீ' என்பேன். சமையலறைக் கதவைத் தாண்டினால் 'நீங்கள்'. ஒரே ஒரு நாள் தவிர இதை நான் மாற்றியதில்லை.

கத்பர்ட் என்னிடம் வருஷக்கணக்காக வருகிறவர். புதன்கிழமை மதியம், மழையோ பனியோ, மணி அடித்தமாதிரி வந்து நிற்பார். பஸ்களுக்கு நேர அட்டவணை போடுகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. வாழ்நாளெல்லாம் ஊருக்கே நேரம் வகுத்துக் கொடுத்தவருக்கு, வாரத்தில் ஒருமணி நேரம் இன்னொருவர் சொல்லைக் கேட்டு நடப்பதில் அப்படி ஒரு நிம்மதி. தேநீர் நேரத்தில் வெங்காய இனத்து லீக்ஸைத் தவிர வேறு பேச்சே கிடையாது. குழந்தையின் கை பருமனுக்குத் தண்டு வெள்ளைவெளேரென்று வளரவேண்டும், செப்டம்பரில் கிளப்பில் நடக்கும் காய்கறிப் போட்டியில் பரிசு மேசைமீது ஏறவேண்டும். அதற்காக நகராட்சித் தோட்டத்தில் ஒரு துண்டு நிலமும், அதில் ஒரு கண்ணாடிக் குடிலும் வைத்திருந்தார். அந்தக் குடிலைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால் யாரோ பெண் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

மார்ச்சில் ஒரு புதன்கிழமை அவர் போனபிறகு உறையைப் பிரித்தேன். பாதிதான் இருந்தது.

"பார்றா, நம்ம கத்பர்ட்டுக்கு வந்த தைரியத்தை," என்றாள் ப்ரோனா. "கூடுதலா வாங்கிக் கட்டிக்க ஆசைப்பட்டுட்டாரு மனுஷன்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எங்கள் தொழிலில் இது சாதாரணம். தண்டனை வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் வேண்டுமென்றே உறையில் குறைத்து வைப்பார்கள். நாம் கண்டுபிடித்துக் கத்தவேண்டும், அவர்கள் நடுங்கவேண்டும், இருவருக்கும் சந்தோஷம். சாதுவான மனுஷர் கடைசியில் விளையாட வந்துவிட்டாரே என்று எனக்கு ஏக குஷி.

அடுத்த புதன் அவர் மண்டியிட்டதும் பிடித்துக்கொண்டேன்.

"என் காணிக்கையிலயே கை வைக்கிறியா நீ?"

அவர் தலை தொங்கிவிட்டது. காது சிவந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை, பேசவும் அனுமதி கிடையாது.

"அடுத்த வாரம் இரட்டிப்பா வரணும். அபராதம்."

"உத்தரவு மேடம்."

சொன்னபடி அடுத்த வாரம் உறை கனமாக இருந்தது. பிரம்பை ரசித்து வீசினேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை, நன்றாக அமைந்த மதியம் அது. பிறகு சமையலறையில் பிஸ்கட் தட்டைத் தள்ளிவைத்து, "என்ன கத்பர்ட், லீக்ஸ் நாத்தெல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் கோப்பையைக் கையில் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

"குடிலை வித்துட்டேன் மேடம்."

"வித்துட்டீங்களா? ஏன்?"

"பக்கத்துத் தோட்டத்து நார்மன் ரொம்ப நாளா கேட்டுட்டே இருந்தாரு. நீங்க அபராதம் போட்டீங்களே."

மெல்ல மெல்லக் கேட்டு வாங்கினேன். வீட்டு வாடகை ஏறியிருக்கிறது, குளிர்காலத்து கேஸ் பில் ஏறியிருக்கிறது. அந்த வாரம் அவரிடம் இருந்ததே அந்தப் பாதிதான். விளையாட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. பேசக்கூடாது என்பது என் சட்டம், அதனால் பேசாமல் இருந்தார். நானும் என் தொழில்மூளையும்! பசித்து நிற்கிறவனைப் பார்த்து விரதம் என்று நினைத்தவள் நான்.

"கத்பர்ட், மன்னிச்சுக்கங்க. இனிமே ஒண்ணும் வைக்க வேண்டாம். நிலைமை சரியாகிறவரைக்கும் சும்மா வாங்க."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சும்மாவா?"

"நமக்குள்ள என்ன?"

"நமக்குள்ள என்னன்னு இத்தனை நாள் எனக்குத் தெளிவாத் தெரிஞ்சிருந்துச்சு மேடம். காசு வெச்சாத்தான் நான் இங்க தலைநிமிர்ந்து மண்டி போட முடியும். பாவம்னு நீங்க என்னை அடிச்சா, அது எப்படி மேடம் வலிக்கும்?"

எழுந்தார். கோட்டை மாட்டிக்கொண்டார். இந்தக் கதவைத் தாண்டினால் இனி வரமாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வாரம் முழுக்க அவர் எதிர்பார்த்திருக்கும் ஒரே மதியம் இது. எனக்கும் அப்படித்தான் என்பதை அந்த நிமிஷத்தில்தான் ஒப்புக்கொண்டேன். இனாமும் முடியாது, பழைய தொகையும் முடியாது. கட்டணத்தைக் குறைத்தாலும் இரக்கம்தான், வேறு சட்டையில் வருகிற இரக்கம்.

அப்போதுதான் ப்ரோனாவின் கார் நிறுத்துகிற கதை நினைவுக்கு வந்தது. என்ன வேண்டும் என்று எஜமானி சொல்லவேண்டும்.

"நில்லு," என்றேன்.

நின்றார். சமையலறையில் என் வாயிலிருந்து ஒருமையை அவர் கேட்டதே இல்லை. நானும்தான்.

"உன்னைப் போகச் சொன்னேனா?"

"இல்ல மேடம்."

"இங்க வைக்கிற காணிக்கை என்னன்னு யார் முடிவு பண்றது?"

"நீங்கதான் மேடம்."

"பவுண்டு நோட்டு எனக்கு அலுத்துப்போச்சு. இனிமே லீக்ஸ். வாரத்துக்கு மூணு. கடையில வாங்கினது ஆகாது, உன் மண்ணுல உன் கையால வளர்த்தது."

அவர் மெதுவாகத் திரும்பினார். "லீக்ஸ் இல்லாத மாசம் மேடம்?"

"ருபார்ப் தண்டு. பட்டாணி. விளையறதைக் கொண்டா. ஆனா ஒண்ணு. முதல் தரம் எனக்கு, ரெண்டாம் தரம்தான் கிளப்புக்கு."

"போட்டிக்கு வளர்க்கிறதையா?" அலறியேவிட்டார். அந்த அலறலைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. கொடுக்க வலிக்கிறது என்றால் அது இனாம் இல்லை.

வாசலுக்குப் போய் முயலுக்கு அடியிலிருந்து உறையை எடுத்துவந்து அவர் முன்னால் நீட்டினேன்.

"நார்மன்கிட்ட போய்க் குடிலைத் திரும்ப வாங்கு. என் காணிக்கை குளிர்ல நின்னு விறைக்கக்கூடாது."

கத்பர்ட் உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கோட்டோடு, தேநீர் சிந்தியிருந்த அந்தச் சமையலறைத் தரையிலேயே மண்டியிட்டார்.

"உத்தரவு மேடம்."

ப்ரோனாவிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். "கட்டணம்னு சொல்லித் திரிஞ்சியே, இப்ப எங்கடி போச்சு உன் கட்டணம்?" வரிக் கணக்கில் லீக்ஸை எந்தக் கட்டத்தில் எழுதப்போகிறாய் என்று ஒரு வாரம் என்னைப் படுத்தி எடுத்தாள். வரும்படி குறைந்ததை ஈடுகட்ட வெள்ளிக்கிழமைக்கு ஒரு வக்கீலைச் சேர்த்துக்கொண்டேன். திட்டும்போதே குறுக்கே பேசுகிற ஆள், ஆனாலும் உறை சரியாக இருக்கும். கோடை முழுக்க ருபார்பும் பட்டாணியும் சாப்பிட்டோம். செப்டம்பர் போட்டியில் கத்பர்ட்டுக்கு மூன்றாம் இடம். முதல் பரிசு வாங்கியிருக்க வேண்டியவை எங்கள் சூப்பில் கிடந்தன. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்கவேண்டுமே.

போன புதன்கிழமை அவர் வந்து மண்டியிட்டபின் வாசல் மேசையை எட்டிப்பார்த்தேன். லீக்ஸுக்கு அடியில் முயல் என்பதா, முயலுக்கு அடியில் லீக்ஸ் என்பதா, எப்படியோ ஒன்றாகக் கிடந்தன. லீக்ஸ் இரண்டுதான் இருந்தன.

பழைய பயம் திரும்ப வந்தது. பூச்சி விழுந்துவிட்டதா, உடம்புக்கு ஏதாவதா? கத்தவில்லை. எழுந்திருக்கச் சொல்லி, சமையலறைக் கதவைத் திறந்து அவரை உள்ளே அழைத்துப்போனேன்.

"கத்பர்ட், நீங்க நல்லாத்தானே இருக்கீங்க? தோட்டம் எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு மேடம். குடில் நிறைய லீக்ஸ்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், காது சிவந்திருந்தது. "மூணாவது பையிலேயே இருக்கு."

வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு ஒளிந்துகொள்ள இடம் தேடியது. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக மனுஷர் விளையாட வந்திருந்தார்.

அவரை இருட்டறைக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினேன்.

"என் காணிக்கையிலயே கை வைக்கிறியா நீ?" என்று கேட்டபடி பிரம்பை எடுத்தேன்.