வர வேண்டாத இருவர்

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். அன்று மண்டபத்துக்கு வந்தவர்கள் நூற்றுப் பதினேழு பேர் என்பது என் ஞாபகம். இடமில்லாமல் தரையில் உட்கார்ந்தவர்களைக் கேட்டால் இருநூறு என்பார்கள். சந்துக்குள்ளிருந்து கேட்ட டிரம்மைப் பற்றி மட்டும் யாருக்கும் இரண்டு கருத்து இல்லை.

டிரம் வாசித்தவளின் அண்ணனுக்குப் பகலில் லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் தொலைபேசி எடுக்கும் வேலை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் அழைப்பார்கள். மெக்கானிக் போய்ச் சேரும்வரை இவன் லைனில் இருக்க வேண்டும். பேசவே வராதவன் ஆகையால் இரண்டு பக்கமும் சும்மா இருப்பார்கள். சிலருக்கு அது பிடித்துப்போய், கதவு திறந்த பிறகும் போனை வைக்காமல் இருந்ததுண்டு.

மாலையில் அவனுக்கு வேறு வேலை. ஊரில் சின்னச் சின்ன இசைக்குழுக்கள் எங்கே, எப்போது வாசிக்கின்றன என்ற செய்தியை ஒற்றைத் தாளில் அச்சடித்து, வாரம் தவறாமல் சலவைக்கடை, மருந்துக்கடை, மூக்குக்கண்ணாடிக் கடை என்று வைத்துவிட்டு வருவான். தாளின் அடியில் ஒரு கட்டம்: இந்த வாரம் இருவருக்கு இலவச டிக்கெட். சீட்டில் பெயர் எழுதி, மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கும் தகரப் பெட்டியில் போட வேண்டும். எல்லோரும் போட்டார்கள். ஜெயித்த இருவர் டிக்கெட்டைச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டினார்கள். ஜெயிக்காதவர்கள், அடுத்த வாரம் விழாமலா போகும் என்று காத்திருந்தார்கள். டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்குவது, பரீட்சையில் பார்த்து எழுதுவது மாதிரி ஒரு வெட்கக்கேடாக ஆகிவிட்டிருந்தது. மண்டபத்தில் நாற்காலிகள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தன.

மண்டபத்துக்காரர் ஒருநாள் அவனைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, சனிக்கிழமை நாப்பது தலை உள்ள இருக்கணும். இல்லைன்னா கடை போடக் கேக்கற மெத்தைக்காரர்கிட்ட சாவியக் குடுத்துருவேன். மெத்தையும் சும்மாதான் கிடக்கும், ஆனா சத்தம் போடாது."

சனிக்கிழமை வாசிக்க இருந்தது மூவர் குழு. பாடிக்கொண்டே கிட்டார் வாசிக்கும் ஒருவன். தூங்குமூஞ்சி என்று பெயர் வாங்கிய பேஸ் கிட்டார்காரன். டிரம்முக்கு, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் இவனுடைய சொந்தத் தங்கை. அந்த மண்டபத்தை விட்டால் அவள் டிரம்மை ஊரில் யாரும் வாசலுக்குக்கூடச் சேர்க்க மாட்டார்கள். ஏழு வருடமாகக் காலி நாற்காலிகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தாள்.

"மண்டபம் போச்சுன்னா டிரம்ம வித்துருவேண்ணா" என்றாள், பல்பு ஃபியூஸ் போனதைச் சொல்வதுபோல.

புதன்கிழமை ஒரே லிஃப்டில் ஐந்து பேர் மாட்டிக்கொண்டார்கள். போனை ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கி, ஐந்து பேருமே கிசுகிசுத்தது ஒன்றைத்தான்: "சார், என்னை மட்டும் வெளிய விட்ருங்க. மத்தவங்க இருந்தா பரவால்ல."

அவர்கள் வெளியேறிய பிறகும் ரிசீவரைக் காதில் வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அப்புறம் தாளின் அடிக்கட்டத்தில் எழுதினான்: "இந்த வாரப் பரிசு: குலுக்கலில் தேர்வாகும் இருவர் சனிக்கிழமைக் கச்சேரிக்கு வர வேண்டாம். மற்ற அனைவரும் மாலை ஐந்து மணிக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்துவிடவும்."

தகரப் பெட்டி அரை நாளில் நிரம்பியது. பக்கத்தில் ஒரு வாளி வைத்தார்கள், அதுவும் நிரம்பியது. பல் டாக்டர் தனக்குத்தானே மருத்துவச் சான்றிதழ் எழுதிக்கொண்டு வந்து இணைத்தார். அத்தை போன் செய்தாள்.

"ஏண்டா, சொந்த அத்தைக்கு ஒரு விலக்கு வாங்கித்தர உனக்கு வக்கில்லையா?"

"நீங்க வரலைன்னா யாரு அத்தை கேக்கப்போறா?"

"அதெப்படிடா? மத்த அனைவரும்னு அச்சுல போட்டிருக்கே!"

வெள்ளிக்கிழமை, கடை கொள்ளாத கூட்டத்துக்கு நடுவில் குலுக்கல் நடந்தது. முதல் சீட்டு பல் டாக்டருக்கு. மனிதர் குதித்த குதியில் இரண்டு கண்ணாடி பிரேம்கள் கீழே விழுந்தன. இரண்டாவது சீட்டை அண்ணன் பிரித்தான். தங்கையின் பெயர், அவள் கையெழுத்தில்.

"நீ எதுக்குடி போட்ட?"

"எல்லாரும் போட்டாங்க." சீட்டை அவன் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். "ஒரு தடவையாவது எனக்கு எதாவது விழுதான்னு பாத்தேண்ணா."

"இது செல்லாது. வேற எடுக்கறேன்."

"அதெல்லாம் நடக்காது" என்று சலவைக்கடைக்காரர் எழுந்தார். "விழுந்தது விழுந்ததுதான். விழுந்தவங்க வரக்கூடாது. வந்தா நாங்க மட்டும் என்ன இளிச்சவாயங்களா?"

சனிக்கிழமை நாலரைக்கே வரிசை நின்றது. ஒவ்வொரு முகத்திலும் துக்கம். "எழுதிக்கிட்டீங்களா? நான் வந்துட்டேன்" என்று ஒவ்வொருவரும் இரண்டு முறை சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். மண்டபத்துக்காரர் நாற்பதுவரை எண்ணிவிட்டு, நம்பாமல் முதலிலிருந்து எண்ணினார். டிரம் மேடையில் இருந்தது. தங்கை வாசலில் இருந்தாள். சலவைக்கடைக்காரரும் அவர் மனைவியும் குறுக்கே நின்றார்கள்.

"நான் வாசிக்கணுங்க."

"உனக்கு அதிர்ஷ்டம் அடிச்சிருக்கும்மா. வீட்டுக்குப் போய் நிம்மதியா இரு."

டிரம் இல்லாமல் கிட்டார்காரன் ஆரம்பிக்க மறுத்தான். கச்சேரி இல்லையென்றால் கிளம்புகிறோம் என்று கூட்டம் எழுந்தது. "பாட்டு கேக்காம போன தலை கணக்குல சேராது தம்பி" என்றார் மண்டபத்துக்காரர், சாவியை ஆட்டியபடி.

அண்ணன் லிஃப்ட் லைனில் இருப்பதுபோல் அசையாமல் நின்றான். தங்கை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கேட்டான்: "அவ சந்துல இருந்தா?"

சலவைக்கடைக்காரர் யோசித்தார். "சந்து மண்டபம் இல்லையே. அப்ப வந்ததா ஆகாது."

அவளை உள்ளே விடாத அதே கூட்டம், டிரம்களைத் தலைக்கு மேலே கைமாற்றிக் கைமாற்றிப் பக்கவாட்டுக் கதவு வழியாகச் சந்தில் இறக்கியது. ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். உள்ளே சத்தம் அடங்கியது. நூற்றுப் பதினேழு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வெளியே ஒரு குச்சி இன்னொரு குச்சியில் தட்டுவதற்காகக் காத்திருந்தார்கள். அவளுக்காக யாரும் அப்படிக் காத்திருந்ததே இல்லை. அவளும் உடனே தட்டிவிடவில்லை.

பிறகு தட்டினாள். தூங்குமூஞ்சியே விழித்துக்கொண்டான்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் கூட்டம் மொத்தமும் ஜன்னலில் தொங்கியது. கைத்தட்டலுக்கு நடுவே அவள் குச்சியை ஆட்டிக் கத்தினாள்: "நான் வரலைங்க! நான் வரவே இல்ல!"

மண்டபம் மண்டபமாகவே இருக்கிறது. மெத்தைக்காரர் அடுத்த தெருவில் கடை போட்டார். வாரம் தவறாமல் சீட்டுப் போடுகிறார், விலக்கு விழாததால் வாரம் தவறாமல் வருகிறார். பல் டாக்டர் அந்தச் சனிக்கிழமை, ஆளில்லாத தெருவைப் பார்த்துக்கொண்டு வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். அதன்பின் அவர் சீட்டே போடவில்லை. அத்தை முன்வரிசையில் உட்கார்ந்து குறை சொல்கிறாள். கிட்டார்காரன் கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊர் போனான். இப்போது தூங்குமூஞ்சி பாடுகிறான். அண்ணன் இன்னும் லிஃப்ட் லைனில்தான் இருக்கிறான், தாளும் வருகிறது. தங்கை டிரம்மை விற்கவில்லை. ஜனங்களின் கழுத்து ஜன்னல் பக்கமே திரும்பிப் பழகிவிட்டதால், அவள் சந்திலேயே வாசிக்கிறாள். மழை நாட்களில் மட்டும் உள்ளே வருகிறாள்.