ஆன்றோ போட்ட ஓட்டு

1

இந்தக் கதை என்னுடையதல்ல. அருமனையில் என் பக்கத்து வீட்டு ஆசிரியை ராஜபாய் சொன்னது. போன தேர்தலில் தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஒரு வாக்குச்சாவடியில் அவருக்கு வேலை. ஒவ்வொருவர் ஓட்டுப் போடும்முன்பும் எந்திரத்தின் பட்டனை அழுத்திக்கொடுக்க வேண்டும்.

நான் எழுதிய முதல் தொடக்கம்: 'கடல் அன்று அமைதியாக' — வேண்டாம். அந்த அறையிலிருந்து கடல் தெரியாது.

2

சேசடிமை அங்கே ஒரு கட்சியின் ஏஜெண்ட். மடியில் வாக்காளர் பட்டியல். அதில் வரிசை எண் 413 அவர். 414 மனைவி ஜெசிந்தா. 415 மகன் ஆன்றோ.

ஆன்றோ ஏறிப்போன விசைப்படகு மூன்று வருடமாகத் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. பேரை நீக்கும் படிவம் வீட்டுக்கு வந்தபோது ஜெசிந்தா அதைத் தொடக்கூட இல்லை.

"பேர வெட்டினா, அவன் வந்து எங்க ஓட்டுப் போடுவான்?"

சேசடிமை படிவத்தை மடித்து வைத்துவிட்டார். மகன் செத்துப்போனான் என்று அவர் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

3

காலை பத்து மணிக்கு மேசையிலிருந்த அலுவலர் உரக்க வாசித்தார்: "நானூத்திப் பதினஞ்சு. ஆன்றோ. அப்பா பேரு சேசடிமை."

சேசடிமை எழுந்துவிட்டார். பட்டியல் தரையில் விழுந்தது.

(இந்த இடத்தில் ராஜபாய் பேச்சை நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்தார். அதைக் கதையில் சேர்ப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.)

நின்றது வேறு எவனோ. தாடி. கையில் படம் தேய்ந்துபோன அட்டை. கள்ள ஓட்டுக்கு வந்தவன்.

சாவடித் தலைவருக்குச் சந்தேகம். "ஏஜெண்டே, இது உங்க மகனா? இல்லைன்னா இப்பவே சொல்லணும்."

'இல்லை' என்று சொன்னால், 'அப்போ உங்க மகன் எங்கே' என்று அடுத்துக் கேட்பார்.

"எனக்க மோன்தான்" என்றார் சேசடிமை.

[நான் இதை நம்பவில்லை. இரண்டு வரைவுகளில் அவரை மறுப்புச் சொல்ல வைத்தேன். இரண்டிலும் அவர் வேறு யாரோ ஆகிப்போனார்.]

அலுவலர் ஆன்றோவின் படத்துக்குக் குறுக்கே சிவப்பு மையால் கோடு இழுத்தார். ராஜபாய் பட்டனை அழுத்தினார். அட்டை மறைப்புக்குப் பின்னால் அவன் ஓட்டுப் போட, எந்திரம் நீளமாகச் சத்தமிட்டது. வந்தவன் சேசடிமையின் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான்.

4

பதினொன்றரைக்கு ஜெசிந்தா வந்தாள். தன் பேரைத் தேடும் அலுவலரின் விரலோடு அவள் கண்ணும் இறங்கியது. மகன் படத்தில் கோடு. கோடு போட்டிருந்தால் ஓட்டு விழுந்துவிட்டதென்று அவளுக்குத் தெரியும்.

"ஆன்றோ வந்தானா?"

கேட்டது கணவரிடம்.

நான் எழுதிய ஒரு முடிவில் அவர் 'வந்தான்' என்கிறார். அவள் ஓட்டுப் போடாமலே சோறு பொங்க ஓடுகிறாள். இன்னொன்றில் உண்மையைச் சொல்கிறார். மூன்று வருட அழுகையை அவள் அந்த மேசையில் — இதை என்னால் முடிக்க முடியவில்லை.

5

ராஜபாய் பார்த்தது இவ்வளவுதான். சேசடிமை எழுந்துபோய் மனைவியின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள். ஓட்டுப் போட்டாள். திரும்பி வந்து, மை காயாத விரலால் மகனின் படத்தைத் தொட்டாள். அது கொஞ்சம் கறுத்தது. அலுவலர் தடுக்கவில்லை.

சேசடிமை என்ன சொன்னார் என்று யார் காதிலும் விழவில்லை. அவர் சொன்னதாக நான் எழுதிய ஏழு வாக்கியங்களையும் அடித்துவிட்டேன். கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது திரும்பி வராமல் இருந்தால், அந்த வரியை நீங்கள் எழுதுங்கள்.

"………………………………"