முதல் விருப்பம்

மூன்றாவது முறையும் வரிசை மாறியிருந்ததைப் பார்த்ததும் சின்னவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

கல்லூரிக்கான ஆன்லைன் விண்ணப்பத்தில் இருபது விருப்பங்களை வரிசைப்படுத்த வேண்டும். வெள்ளிக்கிழமை மாலைக்குள் லாக் செய்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது. அவள் முதலில் போட்டிருந்தது டேட்டா சயின்ஸ். எண்கள் என்றால் அவளுக்கு உயிர். தெருவில் எந்த நாளில் எத்தனை நிமிடம் கரண்ட் போகிறது என்று இரண்டு வருடமாகக் குறித்து வைத்திருக்கிறாள். நாளைக்கு எப்போது போகும் என்று அவள் சொன்னால், பக்கத்து வீட்டார் அதற்கு முன்பே மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிவிடுவார்கள்.

ஆனால் எண்ணிக்கைக்காக இருபதாவதாகப் போட்ட ஹார்டுவேர் இன்ஜினியரிங், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் முதல் வரியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"அப்பா, உண்மையச் சொல்லுங்க. நீங்கதானே கை வச்சது?"

அப்பா லிஃப்ட் மெக்கானிக். விரலில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தார். "நான் மாத்துறதா இருந்தா கம்ப்யூட்டர் சயின்ஸை இல்ல மேல போட்டிருப்பேன்? அதுதான் தாய். டேட்டா, ஐ.டி.ன்னு மத்ததெல்லாம் அது பெத்த பிள்ளைங்க."

அதுவும் நியாயம்தான். அம்மாவைச் சந்தேகிக்கவே வழியில்லை. அவளுக்குத் தையல் மெஷினைத் தவிர வேறு எந்த மெஷினோடும் பேச்சுவார்த்தை கிடையாது.

புதன்கிழமை மதியம் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேஜையின் மறுகோடியில் லேப்டாப் திறந்திருந்தது. திரையில் ஏதோ அசைவது போலிருக்க, சின்னவள் தலையைத் தூக்கினாள். இருபதாவது வரி பத்தொன்பதுக்கு ஏறியது. கொஞ்சம் நின்றது. பதினெட்டுக்கு ஏறியது. அவசரமே இல்லாமல் ஒவ்வொரு படியாக ஏறியது. எல்லார் கையிலும் சோறு இருந்தது. முதல் வரிக்குப் போய்ச் சேர்ந்ததும் அசைவு நின்றது.

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஸ்குரூ."

பெரியவனுக்கு வீட்டில் அதுதான் பெயர். ரேடியோ, மிக்ஸி, கடிகாரம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு ஸ்குரூவைத் தேடுகிறவன். கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கும்போது, விடுதியிலிருந்து வந்த பஸ் கவிழ்ந்து போய்ச் சேர்ந்தான். அதுவும் ஆயிற்று மூன்று வருடம். அவன் உண்டாக்கிய இமெயிலில்தான் சின்னவள் விண்ணப்பத்தைத் தொடங்கியிருந்தாள். வீட்டில் எல்லாருக்கும் பாஸ்வேர்டு தெரிந்த இமெயில் அது ஒன்றுதான்.

"தங்கச்சிக்கு வழி காட்டுறான்டி," என்றாள் அம்மா. பயந்து அழுவாள் என்று பார்த்தால் முகமெல்லாம் பூரிப்பு. "அவன் சொல்றதையே எடுத்துக்கோ."

அண்ணன் மேல் சின்னவளுக்குக் கொள்ளைப் பிரியம். அதற்காக நான்கு வருடப் படிப்பையும் அதற்குப் பின்னால் வரும் பிழைப்பையும் தூக்கிக் கொடுத்துவிட முடியுமா? சாலிடரிங் வாசனை பட்டாலே அவளுக்குத் தலை வலிக்கும். அது அவனுக்கும் தெரியும். தெரிந்தவன் ஏன் இப்படிச் செய்கிறான்?

அப்பா அதற்குப் பிறகு சோற்றைத் தொடவே இல்லை என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"அப்பா, அண்ணன் ஃபார்ம் போட்டப்போ முதல்ல எதைப் போட்டான்?"

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஹார்டுவேர்," என்றார். "அவன் குளிக்கப் போனப்போ நான்தான் கம்ப்யூட்டர் சயின்ஸை மேல ஏத்தி லாக் பண்ணிட்டேன். நல்லதுக்குன்னு நெனச்சுதான் செஞ்சேன். வெளிய வந்து பார்த்தான். ஒரு வார்த்தை கேக்கலை. அதுக்கப்புறம் அவன் எதையும் கழட்டவே இல்லை."

அவர் சொல்லி முடிப்பதற்குள் சின்னவள் அம்மா பக்கம் திரும்பினாள்.

"எனக்கு வழி காட்டலைம்மா," என்றாள். "அவனுக்கு சீட்டு கேக்குறான்."

அன்றே அவள் தன் சொந்த நம்பரில் புதிதாகப் பதிவு செய்து, டேட்டா சயின்ஸை முதலில் போட்டு, ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் லாக் செய்தாள். பிறகு பழைய விண்ணப்பத்தைத் திறந்தாள். விண்ணப்பதாரர் பெயர் என்ற கட்டத்தில் அவள் பெயர் இல்லை. அண்ணன் பெயர் இருந்தது.

"நீங்களே பண்ணுங்கப்பா," என்று லேப்டாப்பை அவர் பக்கம் தள்ளினாள்.

அப்பா லாக் பட்டனை அழுத்தினார். ஓ.டி.பி. எண் கேட்டது. அது அந்த இமெயிலோடு இணைந்த பெரியவன் போனுக்குப் போகும். அந்த போனோ அலமாரி இழுப்பறையில் மூன்று வருடமாகச் சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது. இப்போது என்ன செய்வது என்று மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதற்குள் ஆறு கட்டங்களிலும் ஆறு எண்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. விருப்பங்கள் பூட்டப்பட்டன என்று திரை சொன்னது.

முடிவு வந்த காலையில் சின்னவளின் போன் கூவியது. டேட்டா சயின்ஸ் கிடைத்துவிட்டது. அவள் துள்ளிக் குதித்தாள், அம்மா கட்டிக்கொண்டாள். அந்தச் சத்தத்துக்கு நடுவே அலமாரி இழுப்பறைக்குள் ஏதோ ஒருமுறை அதிர்ந்து ஓய்ந்தது.

யாரும் போய்த் திறக்கவில்லை. அப்பா மட்டும் எழுந்து அலமாரியிலிருந்து பெரியவனின் நீலச் சட்டையை எடுத்து, மேஜை மேல் விரித்து இஸ்திரி போட ஆரம்பித்தார். காலர், கை, பட்டன் பட்டி என்று ஓர் இடம் விடாமல் தேய்த்தார்.

"காலேஜ் எப்ப தொறக்குது?" என்று கேட்டார்.

"திங்கக்கிழமைப்பா."

"சரி. இந்தத் தடவை பஸ்ஸெல்லாம் வேண்டாம். நானே கூட வர்றேன்."

அவர் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. கதவோரம் காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்துச் சொன்னார். பிறகு தன் சட்டை ஒன்றையும் எடுத்து விரித்தார்.