அத்தையின் பிளாஸ்டிக் புல்

எட்டு மாதமாக வீட்டோடு மாப்பிள்ளையாக இருக்கிறவனுக்கு வாசல் சாவியைக் கொடுக்க மாமியாருக்கு மனசு வரவில்லை. தினமும் வேலை முடிந்து வந்து மணி அடிப்பான். ஜன்னல் வழியாக அவனை நன்றாகப் பார்த்துக்கொண்டே, "யாரு?" என்பார். எட்டு மாதமும் அவனுக்கு அந்தக் கேள்விக்குப் புதுப் பதில் எதுவும் தோன்றவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை அத்தை தன் மகளோடு வெளியே கிளம்பும்போது அதிசயமாகச் சாவி அவன் கைக்கு வந்தது.

"இன்னிக்கு ஒரு நாள் பாப்போம். நான் வந்து வீடு எப்படி இருக்குன்னு பாத்துட்டு, சாவி உங்ககிட்டயே இருக்கலாமா வேணாமான்னு சொல்றேன். புல்லு பத்திரம்."

புல் என்றால், ஆறு வருஷத்துக்கு முன் முன்முற்றத்தில் விரித்த பிளாஸ்டிக் புல். ஆடு மேயாது, மாடு சீண்டாது. ஆனால் அத்தை பெற்ற மகளுக்குத் தலை வாரியதைவிட அக்கறையாகத் தினமும் அதைத் துடைப்பத்தால் வாரிவிடுவார்.

பதினொரு மணிக்கு மாப்பிள்ளை வெங்காயம் வதக்கப் போனான். நடுவில் ஒரு போன். பேசி முடிப்பதற்குள் வெங்காயம் கரியாகி, வீடு முழுக்கப் புகை. சாவி கொடுத்த அன்றைக்கே வீட்டைக் கொளுத்தினான் என்ற பேர் வேண்டாமென்று வாணலியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினான். கை சுட்டது. கீழே வைத்துவிட்டான். பதறிப்போய்த் திரும்ப எடுத்தபோது வாணலிக்கு அடியில் பச்சையாகத் தாடி முளைத்திருந்தது. தரையில் தட்டளவு வழுக்கை.

"போச்சு," என்றார் முற்றத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமனார். அவர் எப்போதும் அங்கேதான். வெயிலடித்தாலும் குடை பிடித்து உட்கார்ந்திருப்பார், மழை பெய்தாலும் குடை பிடித்து உட்கார்ந்திருப்பார். இயற்கையை ரசிக்கிற மனுஷர் என்று தெருவில் பேர். "இதுக்குன்னே ஒருத்தர் இருக்கார். நம்பரைச் சொல்றேன், அடிங்க," என்று எதையும் பார்க்காமல் மடமடவென்று சொன்னார்.

புல்காரர் அரை மணியில் வந்தார். குனிந்து தடவிப் பார்த்து, "வாணலி," என்றார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நடுவுல ஆழமா உருகி, ஓரம் மேலோட்டமா இருக்கு பாருங்க. குக்கர்னா ஒரே மட்டமா இருக்கும். அயர்ன் பாக்ஸ்னா முக்கோணம்."

மாமனார் இருமினார்.

"புதுசா ஒரு துண்டு வெட்டி ஒட்டிடுங்களேன்," என்றான் மாப்பிள்ளை.

"புதுசு கிளிப்பச்சைங்க. இது ஆறு வருஷ வெயில் தின்ன பச்சை. நரைச்ச தலைக்காரர் மீசைக்கு மட்டும் மை பூசின மாதிரி இருக்கும். இதே புல்லுல கண்ணுக்குப் படாத இடமாப் பாத்து எடுக்கணும்."

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு சதுரத்தைக் காணோம். சிமெண்ட் பல்லிளித்தது.

"எலி கடிச்சிருக்கும்," என்றார் மாமனார், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"ஸ்கேல் வெச்சா மாமா கடிச்சுது?"

புல்காரர் வானத்தைப் பார்த்தார். "தொழில்ல சில விஷயம் வெளிய சொல்லக் கூடாதுங்க."

மாப்பிள்ளை மெதுவாகத் திரும்பி நாற்காலியைப் பார்த்தான். "மாமா, கொஞ்சம் எந்திரிங்க."

"எனக்கு முதுகு வலி."

"எந்திரிச்சா சரியாயிடும்."

எழுந்தார். நாற்காலிக்குக் கீழே அயர்ன் பாக்ஸைவிடச் சற்றுப் பெரிதாக ஓர் ஒட்டு.

"காத்தாட சட்டை தேய்க்கலாம்னு வெளிய வந்தேன். ரெண்டு வருஷமாச்சு. வெயில்லயும் மழையிலயும் இங்கயே கிடக்கேன்."

"நீங்க காத்து வாங்குறீங்கன்னு நெனச்சேன்."

"யாருக்கு வேணும் மாப்பிள்ளை இந்தக் காத்து?"

கடைசியில் பூந்தொட்டிகளுக்குப் பின்னால் ஒரு துண்டு கிடைத்தது. புல்காரர் கருகிய பகுதியை வெட்டி எடுத்து, அடியில் ஒட்டுத்துணிப் பட்டை விரித்துப் பசை தடவினார். "தொடாதீங்க, புல்லுக்கு நடுவுல தூவ வண்டியிலேர்ந்து மணல் எடுத்துட்டு வந்து துண்டை நானே வெக்கிறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் ஆட்டோ வந்து நின்றது. சாயங்காலம் வருவதாகச் சொன்ன அத்தை மத்தியானமே வந்துவிட்டார். மாப்பிள்ளை துண்டை எடுத்துப் பசையில் அப்பிவிட்டு மேலேயே ஏறி நின்றுகொண்டான். மாமனாரும் பழக்கதோஷத்தில் தொப்பென்று நாற்காலியில் விழுந்தார்.

"ஏன் உச்சி வெயில்ல நிக்கிறீங்க?"

"சும்மாத்தான் அத்தை. காத்து வாங்குறேன்."

"ஒருத்தர் போதாதுன்னு இப்ப ரெண்டு பேரா?"

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தான். குடை, நாற்காலி, ரெண்டு வருஷம். அவருக்காவது உட்கார இடமிருக்கிறது. தன்னுடையது நிற்கிற உத்தியோகம். சம்பளமில்லாமல், ஓய்வுமில்லாமல். அவன் ஒதுங்கி நின்றான்.

"வாணலியை வெச்சுட்டேன் அத்தை. எரிஞ்சுபோச்சு." சாவியை எடுத்து நீட்டினான்.

அத்தை சாவியைப் பார்க்கவில்லை, ஒட்டைப் பார்த்தார். மொத்தப் புல்லும் வீட்டைப் பார்த்துச் சாய்ந்திருக்க, அந்தத் துண்டு மட்டும் கோபித்துக்கொண்டு கேட்டைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. அதனால் அந்த இடம் மட்டும் கறுத்துத் தெரிந்தது.

"இதை யாரு திருப்பி வெச்சது?"

சின்ன மணல் பையோடு வந்த புல்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் இல்லம்மா. நான்னா சாய்வு பாத்து வெச்சிருப்பேன். அந்த நாற்காலிக்குக் கீழ பாருங்க என் வேலைய..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அதைத்தான் ரெண்டு வருஷமாப் பாக்கறேனே. ஓரம் தூக்கிட்டு நிக்குது."

மாமனார் நாற்காலியோடு சேர்ந்து எழுந்தார். "உனக்குத் தெரியுமா?"

"என்னிக்காவது வாயத் தொறந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க குடை வாங்கினீங்க." பிறகு மாப்பிள்ளையின் நீட்டிய கையை மடக்கிவிட்டார். "வெச்சுக்குங்க. இந்த வீட்டுல செஞ்ச தப்பை அன்னிக்கே சொன்ன முதல் ஆம்பளை நீங்கதான். ஆனா இனிமே வெங்காயம் பக்கம் போகாதீங்க."

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அம்மாவின் பின்னால் உள்ளே போனாள்.

புல்காரர் துண்டைப் பிய்த்துத் திருப்பி ஒட்டினார். பசை இறுக அரை மணி நேரம் மேலே பாரம் வேண்டுமாம். மாப்பிள்ளை ஏறி நின்றான். ரெண்டு வருஷத்துக்குப் பிறகு விடுதலையான மாமனார் கேட்டு வரைக்கும் நடந்தார். தொட்டி வரைக்கும் நடந்தார். எங்கே போவதென்று தெரியவில்லை. திரும்பி வந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாப்பிள்ளை. நானும் ஒரு கால் வெக்கிறேன்."